தாளைப் பிடிக்கலாம், கையைப் பிடிக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகள் அப்படியே கிடந்தன. டிப்பர் லாரிகள் கிளப்பிவிட்டுப் போன வெள்ளைத் தூசி ஜன்னல் கம்பியில் கோலமாவு போலப் படிந்திருந்தது. என் மனைவி ராணி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் என் மகள் இளமதியும்தான்.

மேசை மேல் ஒரு பெரிய தாள். அவள் விரல்களுக்குள் ஒரு கறுப்புக் கிரேயான். அந்த விரல்களை மூடிக்கொண்டு என் கை. என் உள்ளங்கைக்குள் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் நடுங்குகிற கைதான். நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

கோடு நேராக வந்தது.

பிள்ளைகளே, போன வாரம் உங்கள் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் பட்டறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேப்பந்தட்டையிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கடிதம் போட்டிருக்கிறது. "உங்க வீட்டு இளமதி அக்கா படம் வரைவாங்கன்னு ஒரு தடவை எழுதினீங்களே, இப்பவும் வரையறாங்களா?" என்று கேட்டிருக்கிறது. ஒரே வரிதான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் அந்த மத்தியானத்தில் தொடங்குகிறேன்.

என் கை ஆடாது

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆலத்தியூர் ரோட்டில் ஒரு பட்டறையில் லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறேன். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர்கள்தான் அதிகம். கல் ஏற்றி ஏற்றி, ஆறு மாதத்தில் எழுத்து தேய்ந்துவிடும். மறுபடி என்னிடம்தான் வருவார்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் அப்பா, அவருக்கு அப்பா எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பிரஷ் பிடித்த முதல் கை என்னுடையது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. டிப்பர் பெட்டியைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக இரட்டைக் கோட்டில் பார்டர் போடுவேன். டேப் ஒட்ட மாட்டேன், நூல் பிடிக்க மாட்டேன். வெறும் கை. டிரைவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணன் கை ஆடாதுடா" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட எனக்குப் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளிலிருந்தே கை ஆடியது.

பிறந்தபோது அவள் அழவில்லை. முதுகில் தட்டி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. அந்த நேரத்துக்குள் மூளைக்குக் காற்று போதவில்லை என்று பிறகு திருச்சியில் சொன்னார்கள். கால் நடக்க வரவில்லை. கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி மெதுவாக, இடித்து இடித்துத்தான் வரும். பழகாதவர்களுக்குப் புரியாது. எனக்கும் ராணிக்கும் புரியும்.

அறிவில் ஒரு குறையும் இல்லை. இதை நான் அடிக்கோடு போட்டு எழுதுகிறேன். கேலி செய்வதில் எங்கள் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சனிக்கிழமை வெங்காயம்

அவளுக்குப் பதிமூன்று வயது நடக்கும்போது, அரியலூரில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஓவியம், மண்வேலை எல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சனிக்கிழமைதோறும். ஒரு பழைய கட்டடத்தின் கூடம். நடத்தியவர் மேரி டீச்சர். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். தோளில் தாள் சுருள், கையில் ஒரு சாக்குப் பை.

சாக்குப் பையில் என்ன தெரியுமா? சின்ன வெங்காயம்.

முதல் நாள் பெற்றவர்களையெல்லாம் சுவரோரம் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு படி வெங்காயத்தைக் கொட்டினார்.

"உரிங்க. மத்தியானம் சாம்பாருக்கு ஆவும்" என்றார்.

"நாங்க எதுக்குங்க டீச்சர்? பிள்ளையப் பாத்துக்க வேணாமா?" என்றேன்.

"அதுக்குத்தான் உரிக்கச் சொல்றேன். உங்க கை சும்மா இருந்தா பிள்ளை கைமேல போயிரும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு பென்சிலைக் கொடுத்து, பானை ஒன்று வரையச் சொன்னார். நான் வரையத் தொடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்து அவர் இஷ்டத்துக்குத் திருப்பினார். ஏதோ ஒரு பானை வந்தது.

"இது யாரு போட்ட பானை?"

"நீங்க போட்டதுங்க டீச்சர்."

"அவ்ளோதான் விஷயம். தாளைப் பிடிக்கலாம். கையைப் பிடிக்கக் கூடாது. அப்புறம், பேசக் கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு நீங்கதான் வாய். அவங்க சொன்னத சொன்னபடி சொல்லணும். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

இரண்டே சட்டங்கள். இரண்டும் எனக்குப் புரிந்திருந்தன. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்தக் கூடத்தில் எப்போதும் கிரேயான் மெழுகு வாசனையும் வெங்காய வாசனையும் கலந்து அடிக்கும். இருபதுக்கு மேல் பேர் வந்தார்கள். இளமதி பக்கத்தில் உட்காருகிறவர் சின்னத்தம்பி. வரதராஜன்பேட்டைக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணும் தெரியாது. மண்ணில் ஆடு, மாடு பிடிப்பார். யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறி வருவார். நாலைந்து சனிக்கிழமையிலேயே இளமதி பேச்சு அவருக்குப் பழகிவிட்டது.

"என்னாடி சொல்ற, என் ஆடு எலி மாரி இருக்கா? ஒனக்குக் கண்ணு இருக்குன்னு திமிரு" என்பார். அவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள்.

கல்லுக்குள் சங்கு

எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உடைத்தால் உள்ளே சங்கும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கும். சுருள் சுருளாக, வரிவரியாக. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். டிரைவர்கள் அப்படிப்பட்ட கல் கிடைத்தால் இளமதிக்கு என்று எடுத்து வருவார்கள். அவள் கட்டிலடியில் ஒரு குவியலே இருந்தது.

அவள் வரைந்ததெல்லாம் அந்தக் கல்லைத்தான். பூ இல்லை, வீடு இல்லை, மயில் இல்லை. கல்லுக்குள் இருக்கிற சுருள். அவள் கோடு நேராகப் போகாது. வெட்டி வெட்டி, பல் பல்லாகப் போகும். ஒரு சுருள் முடிக்க மூன்று சனிக்கிழமை ஆகும். ஆனால் முடித்த பிறகு தள்ளி நின்று பார்த்தால், கல்லில் இருக்கிற அதே வரி. அவள் கை ஆட்டமே அந்த வரியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குக் கோணல் மட்டும்தான் தெரிந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து சிலர் டீச்சரிடம் வந்தார்கள். வகுப்பில் இருப்பவர்களின் படங்களை வைத்து மாதக் காலண்டர் அடித்து ஊரெல்லாம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மாதத்துக்கு ஒருவர் படம். கீழே பெயர். இருபதுக்கு மேல் பேர், பன்னிரண்டு மாதம். இந்தக் கணக்கை எல்லாப் பெற்றவர்களும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை படம் கொடுக்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் இளமதி சுருளைப் பாதிதான் போட்டிருந்தாள். என் கையில் வெங்காயம் இல்லை.

மீதிச் சுருளை அவள் கையைப் பிடித்து நான் போட்டேன். அவள் போட்டு வைத்திருந்த பாதியின் மேலும் அழுத்தி இழுத்துப் பற்களையெல்லாம் மழித்தேன். கடைசியில், அழகாக இருக்கட்டும் என்று, படத்தைச் சுற்றி இரட்டைக் கோட்டில் ஒரு பார்டரும் போட்டேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இருடா கண்ணு, முடிஞ்சுது" என்றேன்.

மறுநாள் மேரி டீச்சர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இளமதி போட்டதா?"

"ஆமாங்க டீச்சர்."

மைக்கில் சொன்னது

காலண்டர் வெளியிட ஒரு கூட்டம் போட்டார்கள். பன்னிரண்டு படங்களையும் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் இளமதி. ஒரு பெரிய ஆபீசர் வந்திருந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, அதைப் போட்டவரிடம் குனிந்து பேசினார். இளமதியின் சக்கர நாற்காலி முன்னால் வந்ததும் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"சூப்பரா இருக்கும்மா. இந்தப் படத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லு."

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. எச்சில் ஒழுகியது. நான் துடைக்கப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, இடித்து இடித்து.

"இத... நான்... போடல."

கூட்டத்துக்குப் புரியவில்லை. ஆபீசர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

மைக் என் பக்கம் வந்தது. பின்வரிசையில் என் பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ராணி புதுச் சேலையில், டீச்சரோடு வாசலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள், பேச்சு காதுக்கு எட்டாத தூரத்தில்.

"ரொம்ப சந்தோஷமா இருக்குன்னு சொல்றா சார்" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

இளமதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

கூட்டம் கலைந்ததும் சின்னத்தம்பி சுவரைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார். மேடைக்குக் கீழே, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாதே ஒழிய, இளமதி பேச்சு அவருக்கு அத்துப்படி.

"பெயிண்டரே."

"சொல்லுங்கண்ணே."

"லாரிக்கு நம்பர மாத்தி எழுதுனா போலீஸ்காரன் புடிப்பான். இதுக்கு யாருய்யா புடிப்பா?"

அவர் தடியைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் வராத வீடு

அன்றைக்குப் பிறகு இளமதி வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். என்னிடம் சொல்லவில்லை. ராணியிடம் சொன்னாள், காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை. நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். பசிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டால் தலையாட்டலோடு சரி. கிரேயான் டப்பா மேசையிலேயே கிடந்தது. வெயிலில் கறுப்பும் சிவப்பும் உருகி ஒட்டிக்கொண்டன.

டீச்சர் போன் பண்ணினார். உடம்பு சரியில்லை என்றேன். மறுபடி பண்ணினார். திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று.

காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கியது. ஜூலை முழுக்கப் போட்டோவில் சின்னத்தம்பியின் மண் ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி காலையில் ராணி தாளைப் புரட்டினாள். உள்ளேயிருந்து இளமதி கத்தினாள். வலிப்பு வந்துவிட்டதோ என்று ஓடினோம். அவள் கதவு வழியாகக் காலண்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். ராணி தாளைப் பழையபடி திருப்பிப் போட்ட பிறகுதான் அடங்கினாள்.

"எல்லார் வூட்டுலயும் ஆகஸ்ட்டு வந்துருச்சு. நம்ம வூட்டுல இன்னும் ஜூலைதான்" என்றாள் ராணி. அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. "ஏங்க, என்னாதான் நடந்துச்சு?"

நான் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன்.

தேதி பார்க்க அந்த மாதம் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அந்தப் படம்தான். ரேஷன் கடையில், பார்பர் கடையில், டீக்கடையில் எல்லாம் அதுவேதான். கீழே அவள் பெயர். டீக்கடையில் ஒரு டிரைவர் கிளாஸை வைத்துவிட்டுக் காலண்டர் கிட்டே போய்ப் பார்த்தான்.

"அண்ணே, பாப்பா உங்களாட்டமேண்ணே! இந்த பார்டர் அப்படியே நம்ம வண்டி பார்டருண்ணே!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பனைப் போலப் பிள்ளை என்றுதான் நினைத்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டேன். அங்கிருந்தே பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

மற்ற மாதங்கள்

மேரி டீச்சர் வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, இது இளமதி போட்டதான்னு. அவகிட்டல்ல கேட்டிருக்கணும்? அது என் தப்பு" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவ சொன்னத யார் முன்னால மாத்துனீங்களோ, அவங்க முன்னால சொல்ல வேணாமா?" என்றார்.

ஆபீசரை நான் எங்கே தேட? அடுத்த சனிக்கிழமை கூடத்துக்குத் தனியாகப் போனேன். சுவரோரம் பெற்றவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். என் மகள் மைக்கில் சொன்னது "இத நான் போடல" என்பது. நான் அதை மாற்றிச் சொன்னேன். அந்தக் கோடு என்னுடையது.

யாரும் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். வெங்காயச் சருகு சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு அம்மா, அரும்பாவூரிலிருந்து வருகிறவர், தலையைக் குனிந்தபடியே சொன்னார். "எம்மவன் படத்துல அந்தச் சூரியன் நான் போட்டதுங்க டீச்சர்."

இன்னொருவர் சொன்னார், "முகம் மட்டும் நான்."

இன்னொருவர் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

டீச்சர் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். டிசம்பர் வரைக்கும் போய்விட்டு, மறுபடி ஜனவரிக்கு வந்தார். எது பிள்ளை போட்டது, எது பெற்றவர் போட்டது என்று அவருக்கே இப்போது நிச்சயமில்லை. அதை அவர் முகத்தில் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, நான் பிடித்தது ஒரு கையை மட்டும் என்று என்னால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

"என் ஆட்டுக்கு நாலு காலும் நானே வச்சதுங்க டீச்சர்" என்றார் சின்னத்தம்பி. "அதான் நொண்டுது."

எப்போதும் அவர் பேச்சுக்குக் கூடமே சிரிக்கும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் காலண்டர் வரவில்லை. வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டார். வகுப்பு நடக்கிறது. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பெற்றவர்களுக்குக் கூடத்துக்குள் இடமில்லை இப்போது. வெளியே வேப்பமரத்தடியில்தான் வெங்காயம்.

நாலு கல்

கூடத்தில் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே இளமதியிடமும் சொன்னேன். ராணியும் இருந்தாள். "அன்னைக்கு நீ சொன்னத நான் மாத்திச் சொன்னேன்டா" என்றேன்.

ராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பல நாள் அவளும் என்னோடு பேசவில்லை.

காலண்டர் கூட்டத்துக்கு எட்டு மாதம் கழித்து, அன்றைக்குத்தான் இளமதி என்னிடம் பேசினாள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"தெரியும்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. நீங்கள் கதைகளில் படிக்கிற மாதிரி அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழவும் இல்லை.

இன்னும் கொஞ்ச மாதம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். கட்டிலடியைக் காட்டினாள்.

"கல்லு... எடு. நாலு."

எடுத்தேன். மேசையைக் காட்டினாள். ஒரு தாளை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்தேன். தாள் நகராமல் நின்றது. இத்தனை வருடம் என் கை செய்த வேலை அது. கல் என்னைவிட நன்றாகவே செய்தது.

"வெளிய... போ."

போனேன். கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ராணி ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதும் சில நாள் கல் கேட்கிறாள். வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். உள்ளே ஏதோ சத்தம் கேட்கும். அது என்ன சத்தம் என்று நான் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை.

வேப்பந்தட்டைப் பிள்ளையின் கேள்வியை இளமதியிடமே கேட்டேன். என்ன பதில் எழுதட்டும் என்றேன். "எழுதாத" என்றாள். ஆகவே எழுதவில்லை. கண்ணு, நீ கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேலி செய்வதில் மிஞ்ச ஆளில்லை என்ற இடத்தில் உதட்டைச் சுழித்தாள். மற்றபடி கடைசிவரை பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். முதல் பக்கத்தில், என் உள்ளங்கைக்குள் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தப்பாம்.

எழுதியதை நான் அடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதுவும் இருக்கட்டும். அவள் சொன்னதைச் சொன்னபடி இங்கே வைக்கிறேன்.

"நடுங்கல. உன் கையிலேருந்து... இழுத்துக்கிட்டு இருந்தேன்."